உப்பும் மதுவும் உடைமைக் குற்றமும்

ஒரு போதைப்பொருளை விற்றவரைச் சட்டம் தண்டிப்பது எவருக்கும் விளங்கும். வெறுமனே வைத்திருந்ததே எவ்வாறு குற்றமாகும் என்று ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள எங்கள் கலசப்பாக்கத்து இளைஞர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் ராஜாஜியின் வாழ்க்கையிலிருந்தே விடை கூறுவது வழக்கம்.

1878 டிசம்பர் 10 அன்று ஒசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த அவர், 1900-இல் சேலத்தில் வழக்குரைஞரானார். ஒத்துழையாமை இயக்கத்துக்காக அத்தொழிலைத் துறந்து, 1921-இன் இறுதியில் வேலூர் சிறை புகுந்தார். 1925-இல் திருச்செங்கோடு அருகே காந்தி ஆசிரமம் அமைத்தபோது, ஏழைகளின் கூலி கள்ளுக்கடையில் கரைவதை நேரில் கண்டார். மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே 1929-இல் 'விமோசனம்' இதழைத் தொடங்கினார்.

1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து சென்று உப்பு அள்ளிக் கைதானார். அனுமதியற்ற உப்பைக் கையில் வைத்திருப்பதே அன்று குற்றம். அதே மனிதர் 1937 ஜூலையில் சென்னை மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்குச் சட்டம் இயற்றினார். மதுவையும் போதைப்பொருளையும் தயாரிப்பது, விற்பது, அருந்துவது மட்டுமன்றி, வைத்திருப்பதையும் அச்சட்டம் குற்றமாக்கியது.

இது முரண்பாடா? அல்ல என்பதே என் கருத்து. உப்புச் சட்டம் காத்தது அரசின் கருவூலத்தை. மதுவிலக்குச் சட்டம் காக்க முனைந்தது ஏழையின் அடுப்பை. வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்து, அதனால் எழுந்த எதிர்ப்பையும் அவர் ஏற்றார்.

1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, கலசப்பாக்கம் அடங்கிய அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்கு 1939 அக்டோபரில் வந்தது. அம்மாத இறுதியிலேயே, இந்தியாவைக் கேளாமல் போரில் ஈடுபடுத்தியதை எதிர்த்து அமைச்சரவை பதவி விலகியது. பின்னர் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் 1948-இல் மாகாணம் முழுவதும் அதை நிலைநாட்டினார். 1971-இல் அது தளர்த்தப்படவிருந்தபோது, தொண்ணூற்று மூன்றாம் வயதில் இருந்த ராஜாஜி, கொட்டும் மழையில் முதல்வர் கருணாநிதியின் இல்லம் சென்று தடுக்க வேண்டினார், பயனில்லை. 1972 டிசம்பர் 25 அன்று மறைந்தார்.

இன்று கஞ்சா போன்றவற்றுக்கு 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் உள்ளது. ஒரு கிலோ வரையிலான கஞ்சா சிறிய அளவு. அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு; குறைந்தது பத்தாண்டு கடுங்காவல். பிணை கிடைப்பதும் அரிது. பொருள் கையில் இருந்தது நிறுவப்பட்டால், அறியாமல் வைத்திருந்ததாக மெய்ப்பிக்கும் சுமை பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர் மீதே விழுகிறது. கூலிக்குப் பை சுமக்கும் இளைஞர் அறிய வேண்டியது இதையே.

இத்தனை கடுமையான சட்டத்தில் நடைமுறைகளே குடிமகனின் கவசம். உடற்சோதனைக்கு முன், அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடமோ நீதித்துறை நடுவரிடமோ அழைத்துச் செல்லுமாறு கோரும் உரிமை உண்டு. அதைக் காவலர் தெரிவித்தாக வேண்டும். போதைக்கு அடிமையானவர் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால், சிறிய அளவு தொடர்பான வழக்கிலிருந்து விலக்குப் பெறவும் வழியுண்டு. இந்த இரண்டும் எத்தனை கிராமங்களுக்கு எட்டியிருக்கின்றன?

சிறையை உள்ளிருந்து கண்ட ஒருவர்தான் நம் மாநிலத்துக்கு மதுவிலக்குச் சட்டத்தைத் தந்தார். சுமப்பவரைப் பிடித்து, சுமக்கவைத்தவரை விட்டுவிடும் வழக்குகளால் அந்த நோக்கம் நிறைவேறாது. தண்டனையைப் போலவே உரிமையையும் சிகிச்சையையும் ஊர்தோறும் எடுத்துரைப்பது அரசின் கடமை.