விக்டர் கிரிக்னார்டு

இரசாயனம் பயிலும் நாம் அனைவரும் கிரிக்னார்டு என்னும் பெயரை அறிவோம். அவர் வரலாற்றை அறிந்தோர் நம்மிற் சிலரே. இப்பெரியார் 1871-ஆம் ஆண்டு பிரான்சு தேசத்து ஷெர்பூர் என்னும் துறைமுக நகரில், கப்பற்பாய் தைக்குந் தொழிலாளர் ஒருவரின் புதல்வராய்ப் பிறந்தார். இளமையில் அவர் நாடியது கணிதமே. லியோன் சர்வகலாசாலையில் அப்பரீட்சையில் ஒருமுறை தவறி, 1894-இல் தேறினார். பின்னர் நண்பரொருவர் தூண்டவே, விருப்பமின்றி இரசாயனத்திற் புகுந்தார்.

அவருடைய ஆசிரியராகிய பார்பியே, துத்தநாகத்திற்குப் பதிலாக மக்னீசியத்தை உபயோகித்துப் பார்த்தார். பலன் நிலையாகக் கிட்டவில்லை. ஆகவே அவ்வாராய்ச்சியை மாணாக்கரிடம் ஒப்புவித்தார். அனைத்தையும் ஒருங்கே கலவாமல், ஈரமற்ற ஈதரில் மக்னீசியத்தையும் அல்கைல் ஹாலைடையும் முதலிற் சேர்த்துக் கரைசலாக்கி, அதன் பின்னரே ஆல்டிஹைடையோ கீட்டோனையோ சேர்த்தார் கிரிக்னார்டு. ஆல்ககால்கள் எளிதிற் கிடைத்தன. 1900-இல் இம்முறை வெளியாயிற்று.

1912-ஆம் ஆண்டின் நோபெல் பரிசைச் சபாத்தியே என்பவரும் அவரும் பகிர்ந்து பெற்றனர். பார்பியேக்கு அதிற் பங்கில்லை. வழிகாட்டிய ஆசிரியரும் தம்முடன் அச்சிறப்பைப் பெற்றிருத்தல் வேண்டுமென்றே கிரிக்னார்டு கருதினார். 1935-இல் லியோன் நகரில் அவர் காலமானார்.

ஒரு பரீட்சையில் தவறியதால் மனந்தளராமையையும், புகழுற்ற காலத்தும் ஆசிரியரை மறவாமையையும் அவர்பால் நாம் கற்போமாக.