பியேர் பெஸியே: வளைவுகளுக்குக் கணக்கு எழுதியவர்

நாம் வணிகக் கணக்குப் படித்தவர்கள். கார் எப்படிச் செய்யப்படுகிறது என்பது எமது துறை அல்ல. ஆனால் நாளேட்டிலிருந்து பேரேட்டுக்கும் பேரேட்டிலிருந்து பரீட்சை மீதிக்கும் தொகைகளைக் கையால் பெயர்த்தெழுதிய காலத்தை அறிவோம். பெரும்பாலான பிழைகள் கூட்டலில் வருவதில்லை. பெயர்த்தெழுதும் இடத்தில்தான் வரும். 45 என்பது 54 ஆகிவிடும், பிறகு இரவிரவாகத் தேடவேண்டும். பிரான்சியப் பொறியியலாளர் பியேர் பெஸியேயின் வாழ்க்கையை வாசித்தபோது, அவரும் இதே பிழையோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார் என்பது தெரிந்தது. அவருடைய பேரேடு, காரின் வெளித்தகடு.

1910 செப்டெம்பர் 1ஆம் திகதி பாரிஸில் பிறந்தார். தகப்பனும் பாட்டனும் பொறியியலாளர்கள். 1930இல் இயந்திரவியலிலும், மறுவருடம் மின்னியலிலும் பட்டம் பெற்று, 1933இல் ரெனோ நிறுவனத்தில் சேர்ந்தார். தொடக்க வேலை பெரிய வேலை அல்ல. இயந்திரங்களில் வெட்டுக் கருவிகளைப் பொருத்துவது. யுத்தம் வந்தது, ஜேர்மனியரிடம் போர்க்கைதியானார். முகாமில் இருந்தபடியே, ஓர் உதிரிப்பாகம் கைபடாமல் இயந்திரத்துக்கு இயந்திரம் நகர்ந்து வெட்டுப்பட்டு வரும் தானியங்கித் தொடர்களைப் பற்றி யோசித்தார். யுத்தத்தின் பின் மக்கள் காராகப் பெயர்பெற்ற ரெனோ 4சிவியின் இயந்திரப் பாகங்கள் பெரும்பாலும் அப்படியான தொடர்களில்தான் செய்யப்பட்டன.

1960இல்தான் அவர் பெயர் நிலைக்கக் காரணமான வேலை தொடங்குகிறது. அப்போது வயது ஐம்பது. ஐம்பதை அண்டிய வயதில் அந்நிய நாட்டில் புதுத் தொழில் பழகியவர்கள் எம்மில் பலர் உண்டு. அதனால் இந்த இடத்தில் சற்று நின்றுதான் வாசித்தோம். எமக்கு இல்லாத ஒன்று அவரிடம் இருந்ததையும் சொல்லவேண்டும்: ஒரே நிறுவனத்தில் 27 வருடச் சேவை.

அக்காலத்தில் காரின் உருவம் எப்படித் தொழிற்சாலைக்குப் போனது? வடிவமைப்பாளர் முதலில் படம் வரைவார். பிறகு களிமண்ணில் முழு அளவு மாதிரி செய்வார்கள். அதை அளந்து, வளைந்து கொடுக்கும் சட்டங்களை வைத்துப் பெரிய தாள்களில் கோடு இழுப்பார்கள். அந்தக் கோடுகளைப் பார்த்து மரத்திலோ சாந்திலோ மூல மாதிரி ஒன்றைச் செய்வார்கள். அதிலிருந்துதான் தகட்டை அழுத்தும் உருக்கு அச்சு. ஒவ்வொரு படியிலும் ஒருவர் தன் கண்ணுக்குப் பட்டபடி கொஞ்சம் நேராக்குவார், கொஞ்சம் மழுப்புவார். கடைசியில் கதவு பொருந்தாது. அப்போது எது சரி? வடிவமைப்பாளர் களிமண்ணைக் காட்டுவார், வரைபடக்காரர் தாளைக் காட்டுவார், அச்சுக்காரர் மர மாதிரியைக் காட்டுவார். நாலு பேரேடு, நாலு மீதி.

பெஸியே கேட்டது ஒரேயொரு மூலப் பதிவு. எல்லோரும் அதிலிருந்தே எடுக்கவேண்டும், வெட்டும் இயந்திரம் உட்பட. அதற்கு வளைவை எண்களால் எழுத வேண்டும். அதேவேளை, கணிதம் தெரியாத வடிவமைப்பாளரும் அதைக் கையாள வேண்டும். எமக்குப் பெரிதாகப் படுவது இந்த இரண்டாவது நிபந்தனைதான். கணிதக்காரர்கள் அதைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். அவர் வந்தடைந்த முறையை நாலு புள்ளிகளால் விளக்கலாம். கோடு முதற்புள்ளியில் தொடங்கும், நாலாவதில் முடியும். நடுவில் உள்ள இரண்டும் காந்தம்போல் அதைத் தம் பக்கம் இழுக்கும். புள்ளியை நகர்த்தினால் வளைவும் நகரும். பரப்புக்கு அதையே குறுக்கும் நெடுக்கும் வைத்தால் 16 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று எண்களாக 48 எண்கள். ஒரு தகட்டுத் துண்டின் முழுக் கணக்கும் அவ்வளவுதான்.

நிறுவனத்தில் உடனே வரவேற்பு இல்லை. இது அவ்வளவு நல்ல முறையென்றால் அமெரிக்கர்கள் முன்னரே கண்டுபிடித்திருப்பார்களே என்று மேலாளர் ஒருவர் சொன்னதாகப் பெஸியே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஆனாலும் யுனிசர்ஃப் என்ற அந்த முறை 1968இல் வேலைக்கு வந்தது. அதே எண்களை வைத்து ஓர் இயந்திரம் முழு அளவில் கோடு வரைந்தது, இன்னொன்று மென்நுரையில் உருவம் வெட்டியது.

இன்னொருவரையும் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. போல் டி காஸ்டெல்ஜோ என்பவர் 1959இலேயே சித்ரோவன் நிறுவனத்தில் இதே வளைவுகளைக் கண்டிருந்தார். நிறுவனம் அதை இரகசியமாகப் பூட்டி வைத்தது. பெஸியே தமது முறையைக் கட்டுரைகளில் வெளியிட்டார். பெயர் அவருக்குப் போனது. நியாயமா என்று கேட்டால் இல்லை என்றே சொல்வோம். ஆனால் அந்தக் குற்றம் பெஸியேயினுடையது அல்ல.

பெயர்த்தெழுதும் வில்லங்கம் ஒழிந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. இன்று அழகுக்கான வடிவத்தை ஒரு மென்பொருளில் செய்கிறார்கள், பொறியியல் வேலையை வேறொன்றில் செய்கிறார்கள். இடையில் 1980இல் வந்த ஐஜெஸ், அதன்பின் வந்த ஸ்டெப் போன்ற பொதுக் கோப்பு வடிவங்கள். ஒரு மென்பொருள் ஏற்கும் இடைவெளியை மற்றது ஏற்பதில்லை. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளின் விளிம்பு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு விலகியிருந்தாலும், தைத்து ஒரே திண்மமாக்க மறுத்துவிடலாம். பொறியியல் படித்து இத்தகைய வேலைகளுக்குப் போன எமது பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், தலையில் கை வைப்பார்கள். ஒரு சதம் உதைக்கும் பரீட்சை மீதியோடு இருந்து பார்த்தவர்களுக்கு அந்த முகம் புரியும்.

பெஸியே 1975இல் ஓய்வுபெற்றார். ஓய்ந்திருக்கவில்லை, 1977இல், ஏறத்தாழ 67 வயதில், பாரிஸில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1985இல் கணினி வரைகலைக்கான ஸ்டீவன் கூன்ஸ் விருது கிடைத்தது. 1999 நவம்பர் 25ஆம் திகதி காலமானார்.

அவருடைய வளைவுகள் கார்த் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்து வெகுகாலம். கணினியில் எழுத்துகளின் ஓரங்களும் இப்போது அவற்றால்தான் வரையப்படுகின்றன. இந்தப் பக்கத்தில் நீங்கள் வாசிக்கும் ‘ழ’வின் சுழியும் எழுத்துருக் கோப்பினுள் அப்படிச் சில புள்ளிகளாகவே இருக்கிறது.