டெடி பியரை உலகுக்கு அனுப்பிய தையல்காரம்மா: யார் இந்த மார்கரெட் ஸ்டைஃப்?

புதுச்சேரியில் துணி பொம்மை, சுடுமண் கம்மல், சில்க் த்ரெட் வளையல் என்று வீட்டிலேயே செய்து விற்பவர்கள் நிறைய பேர். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம், வாட்ஸ்அப்பில் ஒரு குரூப், கொலு சீசனில் ஒரு ஸ்டால். இவர்களிடம் கொஞ்ச நேரம் பேசினாலே ஒரே மாதிரி கவலைகள் வரும். உழைப்புக்கு என்ன விலை போடுவது? நாம் போட்ட டிசைனை அடுத்த வாரமே வேறு ஒருத்தர் காப்பியடித்தால் என்ன செய்வது? ஆர்டர் கூடினால் ஒற்றை ஆளாக எத்தனைதான் தைப்பது?

இந்தக் கவலைகள் புதுசு இல்லை. சுமார் 140 வருஷத்துக்கு முன்னால், ஜெர்மனியின் ஒரு சின்ன ஊரில், அப்பா வீட்டின் ஒரு பகுதியில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கும் இதெல்லாம் இருந்தது. அவர் பெயர் மார்கரெட் ஸ்டைஃப். டெடி பியர் என்றதும் ஞாபகம் வருகிற முதல் சில பெயர்களில் அவருடையதும் ஒன்று. ஆனால் அவர் கதை கரடியில் தொடங்கவில்லை. ஒரு ஊசி குத்தும் யானையில் தொடங்கியது.

வண்டியில் பள்ளிக்குப் போன சிறுமி

1847 ஜூலை 24. தெற்கு ஜெர்மனியில் கீங்கென் என்ற ஊரில் மார்கரெட் பிறந்தார். அப்பா கட்டட மேஸ்திரி. ஒன்றரை வயதில் கடும் காய்ச்சல். காய்ச்சல் விட்டபோது இரண்டு கால்களும் செயலிழந்திருந்தன. வலது கையைத் தூக்கினாலே வலி. அது போலியோ. சிகிச்சைக்காக ஊர் ஊராகக் கூட்டிப்போனார்கள், ஆபரேஷனும் நடந்தது, பலன் இல்லை.

அந்தக் காலத்தில் இப்படி ஒரு குழந்தை என்றால், வாழ்நாள் முழுக்க யாராவது ஒருத்தர் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் என்றுதான் வீட்டில் கணக்குப் போடுவார்கள். மார்கரெட்டைக் கூடப்பிறந்தவர்களும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் ஒரு சின்ன வண்டியில் உட்காரவைத்துப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். படிப்பு முடிந்ததும் தையல் வகுப்பு. வலது கை ஒத்துழைக்காததால் முதலில் தையல் சுமாராகத்தான் வந்தது. விடாமல் பழகினார்.

அக்காக்களோடு சேர்ந்து ஊருக்குத் துணி தைத்துக்கொடுத்தார். ஸிதர் என்ற தந்தி வாத்தியம் கற்றுக்கொண்டு பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தார். சகோதரிகள் சேர்ந்து ஒரு தையல் மெஷின் வாங்கினார்கள். கீங்கெனில் அது பெரிய புதுமை. மெஷினின் சக்கரம் வலது பக்கம் இருக்குமே, வலது கையால் சுற்ற முடியாதே? மெஷினையே திருப்பிப் போட்டு இடது கையால் சுற்றினார்.

இவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். தன்னம்பிக்கைக் கதை, ஷேர் செய்யுங்கள், முடிந்தது. எனக்கு அதைவிட சுவாரஸ்யமாகப் படுவது இதற்கு அப்புறம் வரும் பகுதிதான். ஏனென்றால் அதில் கணக்கு இருக்கிறது.

முதலில் பாவாடை, அப்புறம்தான் பொம்மை

1870-களின் தொடக்கத்தில் அக்காக்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மார்கரெட் தனியாகத் தைத்தார். 1874-ல் அப்பா வீட்டை மாற்றிக் கட்டி, மகளுக்கு ஒரு தையல் அறை அமைத்துக்கொடுத்தார். கீங்கெனிலேயே ஃபெல்ட் ஆலை இருந்தது. கம்பளி இழைகளை நெய்யாமல், அழுத்திச் செய்கிற தடித்த துணி அது. வெட்டினால் ஓரம் பிரியாது, மடித்துத் தைக்க வேண்டியதில்லை. வேலை பாதியாகக் குறையும். மூலப்பொருளோ நடந்து போகிற தூரத்தில்.

1877-ல் ஃபெல்ட் உடைகளுக்கென்றே ஒரு கடை தொடங்கினார். ஃபெல்ட் பாவாடைகள் நன்றாக ஓடின. சீக்கிரமே சில பெண்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஆர்டர் வந்தது. அதாவது, பொம்மை வருவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த ஒரு தொழில் அவர் கையில் இருந்தது. மாத வருமானம் அதிலிருந்து வந்தது. பொம்மை பக்கத்தில் மெதுவாக வளர அதுதான் இடம் கொடுத்தது. வேலையை விட்டுவிட்டு மறுநாளே முழுநேரமாகக் கைவினையில் இறங்கலாமா என்று யோசிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1879 டிசம்பரில் ஒரு ஃபேஷன் பத்திரிகையில் துணி யானைக்கான பேட்டர்ன் வந்தது. அதைப் பார்த்து, குண்டூசி குத்திவைக்கும் சின்ன மெத்தையாக யானை தைத்தார். சொந்த டிசைன்கூட இல்லை பாருங்க, இன்றைக்கு பின்ட்ரெஸ்ட் பார்த்துச் செய்வது மாதிரிதான். கடைக்கு வருபவர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் பரிசாகக் கொடுத்தார். ஆனால் வீட்டுக்குப் போன யானையைப் பெரியவர்கள் தையல் பெட்டியில் வைக்கவில்லை. குழந்தைகள் பிடுங்கிக்கொண்டு விளையாட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஏன் அப்படி? அந்தக் காலத்துப் பொம்மைகள் பெரும்பாலும் மரம், தகரம், பீங்கான். கீழே விழுந்தால் உடையும், குத்தும். கட்டிப்பிடித்துத் தூங்க முடியாது. ஃபெல்ட்டுக்குள் ஆட்டுக்கம்பளி அடைத்த யானை உடையாது, குத்தாது. வாடிக்கையாளர் பொருளை எதற்குப் பயன்படுத்துகிறார் என்று பார்த்து, தொழிலையே அந்தப் பக்கம் திருப்பியதுதான் மார்கரெட்டின் சாமர்த்தியம். ஸ்டைஃப் கம்பெனி தன் பிறந்த ஆண்டாக 1880-ஐத்தான் சொல்கிறது.

தம்பி ஃபிரிட்ஸ் யானைகளைப் பக்கத்து ஊர்ச் சந்தைக்கு எடுத்துப்போய் விற்றார். வீட்டைவிட்டு எளிதில் நகர முடியாத அக்காவுக்கு விற்பனைப் பிரதிநிதி அவர்தான். விற்பனை ஒரே பாய்ச்சலில் ஏறவில்லை. ஆறு வருஷம் ஆனது. 1886-ல் 5,000-க்கும் அதிகமான யானைகள் போயிருந்தன. அதற்குள் குரங்கு, கழுதை, குதிரை, ஒட்டகம் என்று ஒரு மிருகக்காட்சிசாலையே உருவாகத் தொடங்கியிருந்தது. 1892-ல் படங்களோடு கேட்டலாக். 1893-ல் ஃபெல்ட் பொம்மைத் தொழிற்சாலையாகப் பதிவு. யானை தைக்கத் தொடங்கி 13 வருஷம் கழித்து!

கரடி வந்த கதை

ஃபிரிட்ஸின் மகன்கள் ஒவ்வொருவராக அத்தையின் தொழிலுக்குள் வந்தார்கள். அதில் ரிச்சர்ட் ஸ்டுட்கார்ட்டில் கலை படித்தவர். அங்கே மிருகக்காட்சிசாலையில் உட்கார்ந்து கரடிகளை வரைந்து தள்ளியவர். 1902-ல் அவர் கை, கால், தலை அசைகிற ஒரு கரடியை வடிவமைத்தார். ஃபெல்ட்டுக்குப் பதில் ரோமம் போன்ற மொஹேர் துணி. மார்கரெட்டுக்கு ஆரம்பத்தில் இதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் தடுக்கவில்லை.

1903 லைப்சிக் கண்காட்சியில் ஓர் அமெரிக்க வியாபாரி 3,000 கரடிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். அதன் பின்னணி தெரிந்ததுதான்: 1902 நவம்பரில் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வேட்டைக்குப் போன இடத்தில், கட்டிவைத்த கரடியைச் சுட மறுத்தார். வாஷிங்டன் போஸ்ட்டில் அதைக் கிளிஃபோர்ட் பெரிமேன் கார்ட்டூனாகப் போட்டார். ரூஸ்வெல்ட்டின் செல்லப்பெயர் டெடி. நியூயார்க்கின் புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்த மோரிஸ் மிச்டம், ரோஸ் மிச்டம் தம்பதியும் அதே சமயத்தில் ஒரு துணிக் கரடி தைத்துக் கடையில் வைத்தார்கள். முதலில் யார் என்ற சண்டை இன்னும் ஓடுகிறது. அதை விட்டுவிடலாம். கடலுக்கு இரண்டு பக்கமும் கரடி பிறந்தது வீட்டுத் தொழிலில்தான்.

1907-ல் மட்டும் ஸ்டைஃப் செய்தது 9,74,000 கரடிகள்.

காதில் ஏன் பட்டன்?

பொருள் ஓடினால் போலி வரும். துணி பொம்மையைப் பிரித்துப் பார்த்தால் பேட்டர்ன் கையில் கிடைத்துவிடும், இதில் ரகசியமே கிடையாது. 1904-ல் இன்னொரு தம்பி மகன் ஃபிரான்ஸ் ஒரு யோசனை சொன்னார்: ஒவ்வொரு பொம்மையின் காதிலும் உலோகப் பட்டன். அடுத்த ஆண்டு அது வணிகச் சின்னமாகப் பதிவானது. யார் வேண்டுமானாலும் கரடி தைக்கலாம், காதில் பட்டன் குத்த முடியாது. வடிவத்தைப் பூட்ட முடியாதபோது அடையாளத்தைப் பூட்டினார்கள்.

வடிவத்துக்கே பாதுகாப்பு கேட்டுப் போராடியவரும் உண்டு. அதே நாட்டில் தன் குழந்தைகளுக்காக பொம்மை செய்யத் தொடங்கிய கேத்தே குரூஸ், தன் பொம்மைகளைக் காப்பியடித்த பெரிய நிறுவனம் ஒன்றின் மேல் வழக்குப் போட்டு 1925-ல் ஜெயித்தார். பொம்மையும் கலைப்படைப்புதான் என்று நிலைநாட்டிய வழக்கு அது.

நம்ம ஊருக்கு வருவோம். புதுச்சேரியில் வில்லியனூர் சுடுமண் கைவினைக்கும், திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. ஜி.ஐ. டேக் என்று சொல்கிறோமே, அதுதான். ஊரின் காதில் குத்திய பட்டன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இது அந்தந்த ஊர்க் கைவினைக்கான பாதுகாப்பு. முத்தியால்பேட்டையிலோ லாஸ்பேட்டையிலோ வீட்டில் துணி பொம்மை செய்பவருக்கு இது உதவாது. அவர் பிராண்ட் பெயரையும் லோகோவையும் டிரேட்மார்க்காகத் தனியாகப் பதிவு செய்யலாம்.

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரிவதில்லை. 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடுகிற பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், ஜி.ஐ. பதிவு பெற்றவர்களின் பொருட்களுக்கும் இதில் விலக்கு உண்டு. அப்போ வீட்டில் குழந்தைகளுக்கான பொம்மை செய்து விற்பவர் முதலில் வாங்கவேண்டியது ரிங் லைட் இல்லை, கைவினைஞர் அடையாள அட்டை.

தைத்தது யார்?

1907-ல் அந்த ஒன்பதே முக்கால் லட்சம் கரடிகளை எப்படிச் செய்தார்கள்? தொழிற்சாலையில் சுமார் 400 பேர். சுற்றுவட்டாரத்தில் தங்கள் வீடுகளில் உட்கார்ந்து தைத்தவர்கள் சுமார் 1,800 பேர். வீட்டில் தனியாகத் தைக்கத் தொடங்கிய பெண்ணின் தொழில், கடைசியில் வீடுகளில் தைக்கும் பெண்களின் மேல்தான் நின்றது. பீடி சுற்றுவதும் பூ கட்டுவதும் நம் ஊரில் நடக்கிற முறைதான் இது. துண்டு வெட்டிக் கொடுப்பார்கள், தைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு நியாயமும் இருந்தது, வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்கு வருமானம். ஒரு சிக்கலும் இருந்தது, கேட்டலாக்கில் அவர்கள் யாருடைய பெயரும் இல்லை. இன்று புதுச்சேரியில் ஆர்டர் கூடியதும் பக்கத்து வீட்டு அக்காவிடம் மணி கோக்கக் கொடுப்பவருக்கும் இதே நிலைமை வரும். ஒரு ஜோடி கம்மலுக்கு அந்த அக்காவுக்கு எவ்வளவு? அதைச் சேர்க்காமல் போட்ட விலை, யாரோ ஒருவரின் கூலியில் கை வைத்த விலை. தன் நேரத்தைச் சேர்க்காமல் விலை போடுபவர் தன் கூலியிலேயே கை வைக்கிறார்.

மார்கரெட் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1906-ல் நிறுவனம் அவர் பெயரிலேயே லிமிடெட் கம்பெனியானது, தம்பி மகன்கள் நிர்வாகத்துக்கு வந்தார்கள். 1909 மே 9-ம் தேதி நிமோனியாவில் இறந்தார். வயது 61. 1903-ல் லைப்சிக்கில் ஆர்டர் ஆன அந்த 3,000 கரடிகளில் ஒன்றுகூட இன்று யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை. சேகரிப்பாளர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கம்பெனி இன்றும் கீங்கெனில்தான் இருக்கிறது, பொம்மைகளின் காதில் பட்டனும் அப்படியே இருக்கிறது.