வெள்ளித்திரையும் பாவேந்தரும்

வீராம்பட்டினத்தில் ஆடித் திங்கள் ஐந்தாம் வெள்ளியன்று செங்கழுநீர் அம்மன் தேர் ஓடும். பிரெஞ்சியர் ஆண்ட நாளில் ஆளுநரே வந்து வடம் பிடித்த தேர் அது. இன்று புதுவையின் துணைநிலை ஆளுநர் வந்து வடம் தொட்டுத் தொடங்கி வைக்கிறார். அத்திருவிழாவையொட்டிக் கடற்கரை மணலில் இரண்டு மூங்கில்களை நட்டு, வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டிப் படம் காட்டிய காலம் ஒன்று இருந்தது. கடற்காற்றில் துணி புடைக்கும்; கதைத்தலைவனின் முகமும் உடன் புடைக்கும். சிறுவர்களாகிய நாங்கள் சிரிப்போம்.

அப்படி ஓர் இரவில் 'இரத்தக்கண்ணீர்' காட்டினார்கள். எம்.ஆர். இராதாவின் பேச்சுக்குச் சிரித்த கூட்டம், இறுதியில் அவர் உருக்குலைந்து நிற்கையில் வாயடைத்துப் போயிற்று. ஆனால் பெண்கள் பக்கத்திலிருந்து விம்மல் எழுந்தது அப்போதன்று. அதற்கும் முன்னரே, ஒரு பாட்டின்போது. மாலைப் பொழுது சாய்கிறது. ஆலைக்குச் சென்ற கணவன் வீடு திரும்பவேண்டும். வேலை முடிந்ததை அறிவிக்கும் ஆலைச் சங்கைப் பார்த்து, நீ ஊதமாட்டாயா என்று ஒரு பெண் ஏங்குகிறாள். கேட்டிருந்த பெண்களின் கணவன்மார் ஆலைக்குப் போனவர்கள் அல்லர், கடலுக்குப் போனவர்கள். கடலுக்குச் சங்கு இல்லை. எப்போது திரும்புவர் என்று சொல்ல அங்கே ஒன்றும் ஊதாது. அதனால்தான் அழுதார்கள் என்பது எனக்குப் பின்னாளில் விளங்கிற்று. அந்தப் பாட்டை எழுதியவர் நம் புதுவைப் பாவேந்தர் என்பதை அதற்கும் பின்னரே அறிந்தேன்.

பாவேந்தர் பாரதிதாசனின் வாழ்வை எத்தனையோ அறிஞர்கள் எழுதியுள்ளனர். அவருக்கும் திரைக்கும் இருந்த உறவை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். வெற்றியும் ஏமாற்றமும் கலந்த உறவு அது. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் பாவலர்கள் எண்ணிப் பார்க்கவேண்டியதும் ஆகும்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் புதுவையில் கனகசபை, இலக்குமி அம்மையார் இணையர்க்கு மகனாகப் பிறந்தவர் சுப்புரத்தினம். இளமையிலேயே தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றுத் தேர்ந்து, 1909இல் காரைக்காலை அடுத்த நிரவியில் ஆசிரியப் பணி ஏற்றார். அந்நாளில் புதுவையில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியாரை, கொட்டடி வேணு நாயக்கர் இல்லத் திருமணத்தில் கண்டார். அங்கே பாரதியின் பாட்டொன்றை, பாரதி அமர்ந்திருப்பதை அறியாமலே பாடினார் என்பது நாமெல்லாரும் அறிந்த செய்தி. அந்த நட்பு அவரைப் பாரதிதாசன் ஆக்கியது. அவர் எழுத்துக்கு முன்பே வாய்ப்பாட்டு வந்தது என்பதை இந்நிகழ்ச்சி காட்டும். மெட்டறிந்து பாடும் குரல் அவருக்கு இருந்தது. மேடையிலும் நாடகத்திலும் ஈடுபாடு இருந்தது. 1928இல் தன்மான இயக்கத்தைச் சார்ந்தபின் அந்த ஈடுபாடு கொள்கைக்குப் படைக்கலமாயிற்று. 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' நாடகத்தை அவர் எழுதியதும், 1948இல் சென்னை அரசு அதைத் தடை செய்ததும் வரலாறு.

ஆகவே, தமிழ்ப்படம் பேசத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் திரை அவரைத் தேடி வந்ததில் வியப்பில்லை. 1937இல் வெளிவந்த 'பாலாமணி' என்னும் படத்துக்குப் பாட்டெழுதினார். மறு ஆண்டு 'ஸ்ரீ இராமாநுஜர்' படத்துக்குப் பாட்டுகள் தந்தார். கடவுள் மறுப்பாளர் ஒருவர் வைணவ ஆசாரியரைப் பற்றிய படத்துக்கு எழுதினாரா என்று இன்று சிலர் வியக்கலாம். ஆனால் சாதி வேலியைத் தாண்டி நின்ற ஒருவரின் வாழ்க்கையில் பாவேந்தர் பாடுதற்குரிய பொருள் இருந்தது. 1940இல் நாகசுரச் சக்கரவர்த்தி டி.என். இராசரத்தினம் நடிக்க, அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'காளமேகம்' படத்திலும் அவர் எழுத்து இடம்பெற்றது. ஒரு பெரும்புலவனின் கதை. அதை எழுதியவர் பெருங்கவிஞர். நடித்தவர் இசையுலக மன்னர். இருந்தும் அந்தப் படம் மக்கள் நெஞ்சில் தங்கவில்லை.

1946இல் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். முப்பத்தேழு ஆண்டுக் காலப் பணி அது. அதே ஆண்டு சூலைத் திங்களில் சென்னையில் நடந்த விழாவில் 25,000 ரூபாய் பொற்கிழி அவருக்கு வழங்கப்பட்டது. அறிஞர் அண்ணா அதனை அளித்தார். அக்காலத்தில் ஒரு கவிஞனுக்குத் தமிழ்மக்கள் அளித்த மிகப்பெரிய கொடை என அதனைச் சொல்லலாம். ஓய்வுக்குப் பின் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தோடு அவர் தொடர்பு வளர்ந்தது. தம்முடைய 'எதிர்பாராத முத்தம்' என்னும் காவியமே 1950இல் 'பொன்முடி' என்ற படமாக வந்தது. அதற்கு அவரே உரையாடல் எழுதினார். காவியத்தில் கற்பார் நெஞ்சைக் கரைத்த காதல், திரையில் வந்தபோது காட்சிகள் வரம்பு மீறின என்னும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 1952இல் 'வளையாபதி' வந்தது. ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டும் சில பாக்களே எஞ்ச மறைந்துபோன நூல் அது. மறைந்த காப்பியத்துக்குத் திரையில் உயிர்தர முயன்றார் பாவேந்தர். அந்தப் படத்தையும் இன்று நினைவு கூர்வோர் சிலரே.

இவ்விடத்தில் சற்று நின்று 1942ஆம் ஆண்டுக்குத் திரும்புவோம். அவ்வாண்டு 'இசையமுது' முதல் தொகுதி வெளிவந்தது. எந்தப் படமுதலாளியும் கேட்டு எழுதிய நூலன்று அது. வண்டிக்காரன், மாடு மேய்ப்பவன், பாவோடும் பெண்கள், கோடாலிக்காரன், பூக்காரி, சுண்ணாம்பு இடிக்கும் பெண்கள் என்று உழைக்கும் மக்களை ஒவ்வொருவராக அழைத்து வந்து பாடவைத்த நூல். அதில் ஆலைத் தொழிலாளியும் வருகிறான். வீராம்பட்டினத்து மணலில் பெண்களை அழவைத்த பாட்டு அங்கிருந்து எடுத்ததே.

புதுவையில் பிறந்தவர்க்கு ஆலைச் சங்கு வெறும் ஒலியன்று. 1936 சூலை 30ஆம் நாள் உரிமை கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, பன்னிருவர் மாண்டனர். அந்தக் குருதியின் விளைவாகவே மறு ஆண்டு எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் வந்தது. வேலை நேரத்துக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையில் சங்கு ஊதியே ஆகவேண்டும் என்னும் நிலை எளிதில் வந்ததன்று. அந்த ஊரில் வாழ்ந்த கவிஞர் அடுத்த ஆறாண்டுக்குள் எழுதிய பாட்டு அது. அதில் முழக்கம் இல்லை, போராட்டம் இல்லை, காத்திருக்கும் ஒரு மனைவிமட்டுமே இருக்கிறாள். ஆனால் சங்கு ஊதாவிட்டால் என்ன ஆகும் என்னும் அச்சத்தைப் புதுவை மக்கள் சொல்லாமலே அறிவர். 1954இல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய 'இரத்தக்கண்ணீர்' வந்தபோது அந்தப் பாட்டுக்கு வயது பன்னிரண்டு.

இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1951இல், அண்ணாவின் 'ஓர் இரவு' திரைக்கு வந்தது. துன்பம் வந்த வேளையில் யாழெடுத்து இசைத்து ஆறுதல் தரும்படி வேண்டும் பாவேந்தர் பாட்டு அதில் இடம்பெற்றது. இசையறிஞர் தண்டபாணி தேசிகர் அமைத்த மெட்டு, திரையின் வழியே தமிழகத்தின் தெருவெல்லாம் சென்றது. அன்று தொடங்கி இன்றளவும் இசையரங்குகளில் அந்தப் பாட்டு ஒலிக்கிறது. படத்தின் கதையை மறந்தவர்களும் பாட்டை மறக்கவில்லை. 1952இல் 'பராசக்தி' படம் அவருடைய திராவிட நாட்டு வாழ்த்தோடு தொடங்கியதும் இங்கே நினைக்கத்தக்கது.

எழுதித் தரும் கூலியாக இருப்பதில் பாவேந்தர்க்கு நிறைவில்லை. சொல்லும் காட்சியும் ஒரு கவிஞன் கையிலேயே இருக்கவேண்டும் என விரும்பினார். 1943இல் தாம் இயற்றிய 'பாண்டியன் பரிசு' காவியத்தைத் தாமே படமாக எடுக்கத் துணிந்தார். அதற்காக 1961இல் எழுபதாம் அகவையில் புதுவையை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். பெருமாள் கோவில் தெரு வீட்டையும், சட்டமன்ற உறுப்பினராகத் தம்மைத் தேர்ந்தெடுத்த ஊரையும், பழகிய கடற்கரையையும் விட்டுப் போனார்.

படத்தொழில் வேறு உலகம். அங்கே நடிகரின் நாள் கிடைக்கவேண்டும், படப்பிடிப்பு நிலையத்துக்கு வாடகை கட்டவேண்டும், படச்சுருள் வாங்கவேண்டும், எல்லாவற்றுக்கும் முன்பணம் வேண்டும். யாப்பில் அசை சீர் பிறழாமல் அமைத்தவர்க்கு இந்தக் கணக்குகள் அமையவில்லை. கைப்பொருள் கரைந்தது, உடலும் தளர்ந்தது. படம் நிறைவெய்தவில்லை. தம் ஆசானாகிய பாரதியின் வாழ்க்கையைத் திரையோவியமாக்க வேண்டும் என்ற எண்ணமும் எண்ணமாகவே நின்றது. 1964 ஏப்ரல் 21ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார். எழுபத்து மூன்றாம் பிறந்தநாளுக்கு எட்டு நாள்களே இருந்தன. உடல் புதுவைக்குக் கொண்டுவரப்பட்டு, கடலோரத்தில் பாப்பம்மா கோவில் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பெற்றது. படமெடுக்கச் சென்றவர் படமின்றித் திரும்பினார்.

அவர் மறைந்த மறு ஆண்டு நடந்ததை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கும். 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகம் கொந்தளித்தது. இளைஞர்கள் உயிரை ஈந்தனர். அதே ஆண்டில் 'பஞ்சவர்ணக்கிளி' வந்தது. தமிழை அமுதோடு ஒப்பிட்டுத் தொடங்கும் பாவேந்தரின் 'இன்பத் தமிழ்' பாட்டை விசுவநாதன்-இராமமூர்த்தி இசையில் பி. சுசீலா பாடினார். தொடர்ந்து 'கலங்கரை விளக்கம்' வந்தது. அதில் 'சங்கநாதம்' பாட்டைச் சீர்காழி கோவிந்தராசனும் சுசீலாவும் முழங்கினர். இவ்விரு பாட்டுகளும் 1938இல் வெளிவந்த முதல் தொகுதியிலேயே உள்ளவை. இருபத்தேழு ஆண்டு நூலில் கிடந்தவை, மொழிக்காக மக்கள் நெஞ்சு எரிந்த ஆண்டில் திரையேறின. 1972இல் 'நான் ஏன் பிறந்தேன்' படத்தில், அழகிய சோலைகளை உருவாக்க உழைத்து மாய்ந்தவர்களை நினைக்கும் பாட்டும் அந்த முதல் தொகுதியிலிருந்தே வந்தது. இவற்றில் எதையும் பாவேந்தர் திரையரங்கில் அமர்ந்து கேட்கவில்லை.

இவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். திரைக்கென்றே அவர் எழுதியவற்றுள் பெரும்பாலானவை அந்தந்தப் படத்தோடு போயின. திரையை எண்ணாமல், பக்கத்துத் தெருவில் வாழ்ந்தவர்களை எண்ணி எழுதியவை, திரையேறியபின் படங்களையே தாங்கி நிற்கின்றன. மக்கள் மனத்தில் நீங்காமல் நிற்கும் படங்கள் எவை என்று கேட்டால் நாம் கதையையும் நடிப்பையும் சொல்வோம். படம் முடிந்து வீடு திரும்பி, அடுப்பை மூட்டும்போதும் வலையைப் பின்னும்போதும் வாயில் வந்து நிற்பது எதுவோ, அதுவே படத்தின் மெய்யான எச்சம். அது பெரும்பாலும் ஒரு பாட்டாகவே இருக்கிறது.

அதற்காகத் திரையைக் குறைத்துச் சொல்வதும் நன்றி மறத்தல் ஆகும். 'இசையமுது' நூலை வீராம்பட்டினத்து மீனவப் பெண்களுள் அந்நாளில் எத்தனை பேர் படித்திருக்க முடியும்? அவர்கள் காதுக்கு அதைக் கொண்டு சேர்த்தது மூங்கிலில் கட்டிய அந்த வெள்ளைத் துணிதான். கவிஞர்க்குத் திரை செய்த நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. அவருடைய இறுதி மூன்றாண்டுகளை அது தின்றது. அவருடைய சொல்லை ஊர்தோறும் விதைத்தது. இரண்டும் உண்மை.

நம் வட்டத்தின் இளம்பாவலர் சிலர் சென்னை சென்று திரைக்கு எழுதவேண்டும் என்ற ஆவலோடு இருக்கின்றனர். போகவேண்டா என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பாவேந்தரே போனார். போகுமுன் ஊரில் யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை ஒருமுறை பார்த்து எழுதிவிட்டுப் போங்கள் என்பதே என் வேண்டுகோள். திரை உங்களை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் அந்தப் பாட்டு உங்கள் கையில் இருக்கும்.

பாவேந்தர் வாழ்ந்த பெருமாள் கோவில் தெரு வீடு இன்று அவர் நினைவைப் போற்றும் அருங்காட்சியகம். முதலியார்பேட்டை ரோடியர் ஆலை 2020இல் மூடப்பட்டுவிட்டது. அதன் சங்கு இனி ஊதாது. மணலில் துணி கட்டிப் படம் காட்டும் வழக்கமும் போயிற்று. ஆயினும் காற்றும் மழையுமான மாலைகளில், கடலைப் பார்த்து நிற்கும் மூதாட்டி ஒருத்தி அந்தப் பழைய பாட்டை முணுமுணுப்பதை நான் கேட்டிருக்கிறேன். எழுதியவர் பெயரை அவள் அறியாள். ஆலை என்ற இடத்தில் கடல் என்று மாற்றித்தான் பாடினாள். பாவேந்தர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்றே எண்ணுகிறேன்.