மலைமேல் எரிந்த விளக்கு

சேலத்திலிருந்து இராசிபுரம் வழியாக நாமக்கல் செல்லும் பேருந்தில் இடப்புறச் சன்னலோரம் அமர்ந்தவர்கள் கொல்லிமலையைக் காணாமல் இருக்க முடியாது. வல்வில் ஓரி ஆண்ட மலை அது என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே ஏறிச் சென்று, ஆகாய கங்கை அருவியைக் கண்டு வியந்திருக்கிறோம். ஆனால் அம்மலையில் அயல்நாட்டிலிருந்து வந்த ஓர் அம்மையாரின் கல்லறை இருப்பது எங்களுள் பலருக்கு இவ்வாண்டுதான் தெரிய வந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, செவிலியாக வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்தே சொல்லி வந்தவள். காலாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் அவளுடைய தந்தை காலமானார். ஒரு மாதம் கழித்து அவள் பள்ளிக்குத் திரும்பியபோது, படிப்பைத் தொடர்வதே ஐயமாக இருந்தது. துன்பத்தில் இறைவன் நம் உள்ளத்தில் பேசி வழி காட்டுவார் என்கிறார்களே, எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்று ஒரு நாள் அவள் எங்களிடம் கேட்டாள். நாங்கள் வாயடைத்து நின்றோம். எங்கள் வகுப்பாசிரியையான அருட்சகோதரி அக்கேள்விக்கு நேரே விடை கூறவில்லை. ஈவ்லின் பிராண்ட் அம்மையாரின் வரலாற்றைக் கூறினார். அதனையே இங்கு எழுதுகிறோம்.

ஈவ்லின் 1879ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஓவியம் தீட்டுவதில் கைதேர்ந்தவர். வசதியான இல்லத்தில் கவலையின்றி வாழ்ந்திருக்கலாம். ஆயினும் இந்தியாவில் ஏழைகளுக்குப் பணியாற்ற வேண்டும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. பெற்றோரின் வருத்தத்தையும் தாங்கிக்கொண்டு கப்பலேறிச் சென்னை வந்து சேர்ந்தார். அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். பாப்டிஸ்ட் சபையின் மிஷனரி. எனினும் நல்லவர் வரலாறு எல்லார்க்கும் பொதுவன்றோ?

அதே சபையில் பணியாற்றிய ஜெஸ்ஸி பிராண்ட் என்பவரை 1913ஆம் ஆண்டு மணந்தார். அந்நாளில் கொல்லிமலைக்குச் சாலை கிடையாது. மணமக்கள் கொட்டும் மழையில் ஒற்றையடிப் பாதை வழியாக மலையேறினார்கள். சமவெளியில் அறுத்த மரங்களைத் தலைச்சுமையாக மேலே கொண்டு சென்று கட்டிய சிறு வீடே அவர்களுடைய இல்லம். ஜெஸ்ஸி முறையான மருத்துவர் அல்லர். ஆனால் வெப்ப நாட்டு நோய்களுக்குரிய மருத்துவத்தைக் கற்றிருந்தார். கணவனும் மனைவியும் ஊர் ஊராக நடந்து புண்களுக்கு மருந்திட்டார்கள், பள்ளிகள் நடத்தினார்கள், மலைமக்களுக்குத் தச்சு வேலை கற்பித்தார்கள், வட்டிக்காரர்களிடம் சிக்கியவர்களுக்காகப் பரிந்து பேசினார்கள். 1914இல் மகன் பாலும், பின்னர் மகள் கானியும் பிறந்தனர்.

முதல் ஆண்டுகளில் மலைமக்கள் மருந்தைப் பெற்றுக்கொண்டார்கள். அவர்களுடன் நெருங்க மட்டும் அஞ்சினார்கள். 1918ஆம் ஆண்டு உலகெங்கும் பரவிய நச்சுக் காய்ச்சல் கொல்லிமலையையும் விட்டுவைக்கவில்லை. அதுவரை இவர்களை எதிர்த்து வந்த பூசாரி ஒருவரும் அவருடைய மனைவியும் நோயில் விழுந்தனர். தம்மைக் கவனிக்க வந்த அந்தத் தம்பதியரின் கையிலேயே பூசாரி தம் பெண் குழந்தையை ஒப்படைத்துவிட்டு உயிர் நீத்தார். அதன் பின்னரே மலைமக்களின் அச்சம் விலகத் தொடங்கியது.

கொல்லிமலையோடு நிறுத்தாமல், சுற்றிலும் தெரிந்த மற்ற மலைகளுக்கும் செல்ல வேண்டும் என்று இருவரும் உறுதி பூண்டிருந்தனர். மொத்தம் ஐந்து மலைத்தொடர்கள்! அதுவே அவர்கள் வாழ்வின் திட்டம்.

1923இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குச் சென்றார்கள். திரும்பும்போது, பிள்ளைகள் இருவரையும் படிப்பதற்காக அத்தை சித்திமார் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். இந்த இடத்தை அருட்சகோதரி கூறியபோது எங்களுள் சிலருக்கு அம்மையார்மேல் கோபம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியர் தலைகுனிந்து அமர்ந்திருந்தனர். ஒன்பது வயது மகனைக் கடலுக்கு அப்பால் விட்டுவர எந்தத் தாய்க்கு மனம் வரும்? அக்காலத்து மிஷனரிகளின் வழக்கம் அது என்பது உண்மை. ஆனால் வழக்கம் என்பதால் வலி குறைந்துவிடுமா? அந்தப் பிரிவை அம்மையார் வாழ்நாள் முழுதும் சுமந்திருப்பார் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

1929ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெஸ்ஸியைக் கருநீர்க் காய்ச்சல் பற்றியது. மலேரியாவின் கொடிய வடிவம் அது. சாலையற்ற அம்மலைக்கு மருத்துவர் வருவது எளிதன்று. நாற்பத்து நான்காம் வயதில் அவர் இறந்தார். இலண்டனில் இருந்த மகனுக்குத் தந்தி சென்றது. கடிதங்களோ கப்பலில் செல்பவை. ஆகவே தந்தையின் மரணச் செய்தி வந்த பின்பும், அவர் உயிரோடிருந்தபோது எழுதிய கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அப்போது பாலுக்குப் பதினைந்து வயதுகூட நிறையவில்லை, எங்கள் வயதுதான். இதைக் கேட்டதும் எங்கள் தோழி அழுதாள். நாங்களும் அழுதோம்.

அம்மையார் இங்கிலாந்து சென்றார். துறைமுகத்தில் காத்திருந்த மகனுக்குத் தாயை அடையாளம் தெரியவில்லை. அழகும் மிடுக்குமாக அவன் நினைவில் இருந்த அன்னை, துயரத்தால் கூனி, முதுமையடைந்து வந்திருந்தார். இனி அவர் இங்கிலாந்திலேயே தங்கிவிடுவார் என்றுதான் எவரும் நினைத்திருப்பர். அவரோ மலைக்குத் திரும்பினார். துயரம் தீர்ந்துவிட்டதால் அல்ல. மலைமக்களை மறக்க முடியாததால் திரும்பினார்.

ஆனால் அங்கும் அவர் எண்ணியபடி நடக்கவில்லை. மிஷன் அவரைச் சமவெளியில் பணியாற்ற அனுப்பியது. நம் ஊர்களிலிருந்து நாம் பார்ப்பதுபோல அவரும் கீழிருந்து மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஆண்டுகளைக் கழித்தார். கொடுத்த வேலையைக் குறைவறச் செய்தார். விடுமுறை கிடைத்த போதெல்லாம் மலையேறினார். ஏறத்தாழ எழுபதாம் வயதை எட்டியபோது, ஓய்வு பெறும் காலம் வந்துவிட்டது என்று மிஷன் கூறியது. வாழ்வின் திட்டம் மூன்றாம் முறையாக முறிந்தது!

அவர் சண்டையிடவில்லை, கலங்கி உட்காரவும் இல்லை. மிஷனிலிருந்து ஓய்வு பெற்றார். மலைப்பணியிலிருந்து ஓய்வு பெறவில்லை. கணவரோடு செல்ல எண்ணியிருந்த கல்வராயன் மலைக்கு ஏறினார். சிறு மரக்குடில் ஒன்றை அமைத்துக்கொண்டார். இடுப்பெலும்பு முறிந்து நடை தளர்ந்தபோது, இரு கைகளிலும் மூங்கில் கோல் ஊன்றி நடந்தார். அதுவும் இயலாதபோது மட்டக் குதிரையில் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். நரம்புச் சிலந்தி என்னும் கொடிய நோய் நீரின் வழியே பரவுகிறது என்று விளக்கி, கிணறுகளைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பக் கற்பித்தார். இந்தியா முழுவதும் அந்நோய் ஒழிந்துவிட்டது என்று 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அந்த வெற்றிக்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே, மலைக்குடிலில் இருந்த ஒரு முதியவர் தம்மால் ஆனதைச் செய்துகொண்டிருந்தார்.

இதற்கிடையில் மகன் பால், அறுவை மருத்துவராகி, 1946ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை மருத்துவத்தால் மீண்டும் இயங்கச் செய்து உலகப் புகழ் பெற்றார். அவர் தம் தாயை மலையைவிட்டு வந்துவிடும்படி வேண்டியதுண்டு. தாம் வந்துவிட்டால் அம்மக்களைப் பார்ப்பவர் யார் என்று அன்னை கேட்டாராம். மகனிடம் அதற்கு விடை இல்லை. கடைசி இருபது ஆண்டுகள் அம்மையார் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. மலைமக்கள் அவரைப் பாட்டி என்றே அன்போடு அழைத்தனர். 1974ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், தம் 95ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவர் விருப்பப்படி பெட்டியின்றி, பருத்தித் துணியில் சுற்றிக் கொல்லிமலையில் கணவரின் அருகே அடக்கம் செய்தனர்.

இவ்வரலாற்றைக் கேட்ட பின் நாங்கள் வெகுநேரம் பேசினோம். அம்மையாருக்கு வானிலிருந்து குரல் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. ஐந்து மலைகளுக்கும் வழி முன்கூட்டியே காட்டப்படவும் இல்லை. அடுத்து எங்கே தேவை இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. அதைச் செய்தார். பிறகு அதற்கடுத்தது தெரிந்தது. நம் விருப்பத்தையே இறைவனின் குரல் என்று எண்ணிவிடும் ஆபத்தும் உண்டல்லவா என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி! ஆண்டுக்கணக்கில் காத்திருந்தபோதும் தேயாமல், நம்மை நம் சுகத்தை நோக்கி அன்றிப் பிறர் துன்பத்தை நோக்கியே நடத்துவது எதுவோ அதனை நம்பலாம் என்று அருட்சகோதரி விளக்கினார். அம்மையார் கீழிருந்து மலையைப் பார்த்துக் கழித்த ஆண்டுகள் வீணல்ல என்று அப்போதுதான் உணர்ந்தோம்.

எங்கள் தோழியின் தாய் இப்போது சவ்வரிசி ஆலைக்கு வேலைக்குச் செல்கிறார். தோழி மாலையில் சமைத்து, தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, இரவில் தன் பாடத்தைப் படிக்கிறாள். செவிலியர் படிப்புக்குச் செல்ல முடியுமா என்று அவளுக்குத் தெரியாது. நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது, இப்போதைக்கு அது போதும் என்கிறாள்.

அன்புத் தோழியரே! அரசுத் தேர்வு முடிந்ததும் நாம் ஆளுக்கொரு திசையில் பிரிவோம். போட்ட திட்டமெல்லாம் நிறைவேறும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. திகைத்து நிற்கும் வேளையில் சன்னல் வழியாகக் கொல்லிமலையைப் பார்ப்போம். அங்கே மூங்கில் கோல் ஊன்றி ஏறிய பாட்டியை நினைப்போம். செபித்துவிட்டு, கண்முன் தெரியும் ஓர் அடியை எடுத்து வைப்போமாக!