ஈந்து வளர்த்த தோட்டம்: வில்லியம் கேரியின் வரலாறு

வீட்டின் புறத்தே ஒரு சிறு தோட்டம் வைத்திருப்போர் யாவரும் அறிந்ததொரு செய்தி உண்டு. ஒருமுறை நட்டால் பல்லாண்டு வாழும் இயல்புடைய பூண்டுகளும் கிழங்குச் செடிகளும் ஓரிடத்தே அடங்கி நில்லா. மஞ்சளும் இஞ்சியும், புதினாவும் கற்பூரவள்ளியும், லில்லியும் கல்வாழையும் ஆண்டுதோறும் பக்கத்தே முளைவிட்டுப் பெருகும். பெருகியவற்றைப் பிரித்தெடாது விட்டால், நெருக்கத்தால் ஒன்றையொன்று நலியச்செய்து, பூவும் கிழங்கும் சிறுத்துப்போம். ஆதலின் மிகுந்ததைப் பிறர்க்குக் கொடுத்தல் ஈகை மாத்திரம் அன்று. தோட்டத்தைப் பேணும் முறையும் அதுவேயாம். இவ்வுண்மையை வாழ்நாள் முழுதும் கைக்கொண்டு, தம் வீட்டுத் தோட்டத்தினின்று கடல் கடந்தும் செடிகளை வழங்கிய பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவர் வில்லியம் கேரி என்பார். வேதநூலைப் பல மொழிகளில் பெயர்த்தவராகவும், ஸ்ரீராம்பூர்க் கல்லூரியை நிறுவிய மூவருள் ஒருவராகவும் அவரை நம் மாணவர் அறிவர். தோட்டக்காரராக அவரை அறிந்தோர் சிலரே.

கேரி 1761ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17ஆம் நாள் இங்கிலாந்தில், நார்த்தாம்ப்டன் கோட்டத்தைச் சேர்ந்த பாலர்ஸ்பரி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் நெசவுத்தொழில் செய்து, பின்னர் அவ்வூர்ப் பள்ளியின் ஆசிரியரானவர். கேரியின் சிறிய தந்தையார் பீட்டர் என்பவர், கானடாவில் போர்வீரராக இருந்து மீண்டு, ஊரில் தோட்டவேலை செய்துவந்தார். செடிகொடிகளின் மீதுள்ள பற்று இவர் வாயிலாகவே சிறுவனுக்கு உண்டாயிற்று. அவனுடைய சிற்றறையில் பூச்சிகளும் பறவைகளும் செடிகளும் நிறைந்திருந்தன. வேலிகளினூடே புகுந்து புதிய செடி ஏதேனும் கண்டால் அதனை வேரொடு பெயர்த்து வந்து நட்டு வளர்ப்பது அவன் வழக்கமாயிருந்தது. ஆயினும் தோட்டத் தொழிலைப் பிழைப்பாகக் கொள்ளும் பேறு அவனுக்கு வாய்க்கவில்லை. வெயில் பட்டால் வருத்தும் ஒரு தோல்நோய் அவனைப் பற்றியிருந்தது. அதனாலேயே பெற்றோர் அவனை நிழலில் இருந்து செய்யத்தக்க செருப்புத் தைக்கும் தொழிலிற் சேர்த்தனர். வெயிலுக்கு அஞ்சிய அவ்விளைஞனே பின்னர் வங்காளத்து வெயிலில் நாற்பதாண்டு தோட்டம் பயிரிட்டான் என்பது வியத்தற்குரியது.

செருப்புத் தைத்துக்கொண்டே இலத்தீன், கிரேக்கம், எபிரெயம் முதலிய மொழிகளைத் தாமே பயின்ற கேரி, பின்னர்ச் சபைப் போதகரானார். மோல்ட்டன், லெஸ்டர் ஆகிய ஊர்களில் வறுமையோடு வாழ்ந்தபோதும் வீட்டையடுத்து ஒரு சிறு தோட்டம் வைத்துப் பேணினார். 1793ஆம் ஆண்டு மனைவி மக்களோடு டேனியக் கப்பலொன்றில் ஏறி, நவம்பர் மாதத்தில் வங்காளம் வந்து சேர்ந்தார். அதன்பின் தாய்நாட்டை அவர் மறுபடியும் கண்டாரில்லை.

முதல் ஆண்டுகள் துன்பம் மிக்கனவாயிருந்தன. கையிற்கொணர்ந்த பொருள் விரைவில் செலவாயிற்று. 1794இல் மால்டாவை அடுத்த மத்னாபதி என்னும் இடத்தில் அவுரித் தொழிற்சாலை ஒன்றை மேற்பார்க்கும் வேலையை ஏற்றார். அங்கே ஐந்து வயதினனாகிய மகன் பீட்டர் இறந்தான். அத்துயரினின்றும் மனைவியார் டாரத்தி மீளவில்லை. அவர்க்கு மனநோய் முற்றி, 1807இல் இறக்கும்வரை நீங்காதிருந்தது. இத்தகைய காலத்திலேதான் கேரி இங்கிலாந்திலுள்ள நண்பர்க்குக் கடிதம் எழுதினார். அதில் தமக்கென இன்பப் பொருள் எதனையும் வேண்டாது, அரிவாள், கலப்பை உறுப்பு முதலிய கருவிகளையும், காய்கறி, பூ, பழமர விதைகளையும் ஆண்டுதோறும் அனுப்புமாறு கேட்டுக்கொண்டார். அவ்விதைகள் இந்நாட்டிற்கு நிலைத்த நன்மையாகும் என்பது அவர் கருத்து. வாங்குவதற்குக் கைநீட்டியது, பகிர்ந்துகொடுக்கும் எண்ணத்தோடேயாம்.

1800ஆம் ஆண்டு ஜனவரியில் கேரி ஸ்ரீராம்பூரை அடைந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் ஆட்சி எல்லைக்குள் போதகர்க்கு இடந்தர மறுத்த காலம் அது. ஸ்ரீராம்பூரோ, நம் தரங்கம்பாடியைப் போலவே, டேனிய அரசருக்கு உரியதாயிருந்தது. இவ்விரண்டு ஊர்களும் 1845இலேதான் ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்டன. அங்கு மிஷன் வீட்டின் பின்புறத்தே, ஏறக்குறைய ஐந்து ஏக்கர் நிலத்தில், கேரி தம் தோட்டத்தை வகுத்தார். லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் கண்ட முறைப்படி செடிகளை இனம் பிரித்து நட்டார். அவர்தம் தோட்ட வேலையாட்கள் செடிகளின் இலத்தீன் பெயர்களைச் சொல்லவும் பழகியிருந்தனர். விடியற்காலையில் தனித்திருந்து செபம் செய்தற்கும் அத்தோட்டமே அவர்க்கு இடமாயிற்று. 1801 முதல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியிற் கற்பித்தலும், மொழிபெயர்த்தலும், அச்சுப்படி திருத்தலும் அவர் பொழுது முழுவதையும் கொள்ளைகொண்டன. எனினும் தோட்டத்திற்குரிய பொழுதை அவர் விட்டுக்கொடுத்தாரில்லை.

கல்கத்தாவை அடுத்த சிவபுரத்தில் 1787இல் தொடங்கிய கம்பெனித் தாவரத் தோட்டம் இருந்தது. அதன் தலைவர் வில்லியம் ராக்ஸ்பர்க் என்பவர், முன்னர்ச் சோழமண்டலக் கரையில் நெடுங்காலம் செடிகளை ஆராய்ந்தவர். அவரும் கேரியும் உற்ற நண்பராயினர். ஒருவர் தோட்டத்திற் பெருகியது மற்றவர் தோட்டத்திற்குச் சென்றது. 1813இல் ராக்ஸ்பர்க் நோயுற்றுத் தாய்நாடு திரும்பியபின், அவர் தொகுத்துவைத்த செடிப் பட்டியைக் கேரி 1814இல் ஸ்ரீராம்பூரில் அச்சிட்டு வெளியிட்டார். ஹார்ட்டஸ் பெங்காலென்சிஸ் என்பது அந்நூற்பெயர். அதிற் சுமார் 3,500 செடிகள் அடங்கும். அந்நூலில் யாம் சிறப்பாகக் கருதுவது ஒன்று உண்டு. செடியின் பெயர், அது பிறந்த நாடு, பூக்கும் காலம் என்பவற்றோடு, அதனைத் தோட்டத்திற்குக் கொடுத்தவர் யார், எவ்வாண்டிற் கொடுத்தார் என்பதற்கும் தனியிடம் வகுத்திருக்கின்றனர். கேரியின் பெயர் அவ்விடத்திற் பலகாற் காணப்படுகின்றது. அரசினரின் பெருந்தோட்டம் ஒன்று, தனிமனிதர் பலர் தத்தம் வீட்டு முற்றத்தினின்றும் கொணர்ந்த கன்றுகளாலும் வளர்ந்தது என்பதற்கு அந்நூலே சான்று. ராக்ஸ்பர்க்கும் தம் நண்பருக்குக் கைம்மாறு செய்தார். ஒரு செடிக்குடும்பத்துப் பிரிவிற்குக் கேரியா எனப் பெயரிட்டார். அதிலொன்று பெருமரம். மற்றொன்று நிலத்தின்கீழ் வேர்த்தண்டு உறங்கிக்கிடக்க, ஆண்டுதோறும் புதிதாகத் தளிர்விடும் சிறு செடி.

கடல் கடந்து செடி அனுப்புதல் அக்காலத்தில் எளிதாயிருக்கவில்லை. கல்கத்தாவினின்றும் இங்கிலாந்து செல்லக் கப்பலுக்குப் பல திங்கள் வேண்டும். உப்புத் துளி இலைகளைக் கருக்கும். குடிநீர் குறையும்போது செடிக்கு நீர் வார்ப்பார் இலர். எலிகளோ எஞ்சியதைத் தின்னும். கண்ணாடிப் பெட்டிக்குள் செடியை அடைத்து அனுப்பும் முறை கேரியின் இறுதிக் காலத்திலேதான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆதலின் கிழங்குடைய செடிகளே இப்பயணத்திற்கு ஏற்றனவாயிருந்தன. இலை வாடி, கிழங்கு மண்ணுள் உறங்கும் பருவத்தில் அதனை அகழ்ந்தெடுத்து, உலரவைத்துப் பொதிந்து அனுப்பினால், போய்ச்சேர்ந்த இடத்தில் ஈரம் பட்டவுடன் அது முளைக்கும். இஞ்சி இனத்துச் செடிகளிலும் லில்லி வகைகளிலும் கேரிக்குப் பெருவிருப்பம் இருந்தது. லிவர்ப்பூல் நகரத்துத் தாவரத் தோட்டத்தை நிறுவிய வில்லியம் ராஸ்கோ, இஞ்சி இனத்தைப் பற்றிப் பெருநூல் ஒன்று இயற்றியவர்; கேரி அவரோடு கடிதப் போக்குவரத்து வைத்து அத்தோட்டத்திற்குச் செடிகள் அனுப்பினார். மகன் பீலிக்ஸ் பர்மாவிற்கும், மகன் ஜேபஸ் 1814இல் மொலுக்கத் தீவுகளுக்கும் ஊழியத்திற்காகச் சென்றபோதும், அவ்வந்நாட்டுச் செடிகளை மண்ணோடு பெட்டியில் வைத்து அனுப்புமாறு அவர்களுக்கு எழுதினார்.

இவ்வாறு வந்த பொதிகளுள் ஒன்றன் வரலாறு பலரும் போற்றுவது. இங்கிலாந்தில் வெண்ட்வொர்த் மாளிகைத் தோட்டத்தில் இருந்த கூப்பர் என்னும் நண்பர் ஒருமுறை விதைகள் அனுப்பினார். கேரி விதைகளை எடுத்தபின், பையில் எஞ்சியிருந்த மண்ணையும் வீணாக்க மனமின்றி, நிழலான ஓரிடத்தில் உதறிவிட்டார். சிலநாட் கழித்து அங்கே ஒரு சிறு செடி முளைத்தது. அது ஆங்கில நாட்டுப் புல்வெளிகளில் எங்கும் மலிந்து, காலில் மிதிபடும் டெய்சி என்னும் பூச்செடி. முப்பதாண்டுக்கு மேலாக அவர் கண்ணிற் காணாதது. இனிக் காண்போம் என்று எண்ணாதது. அதனைக் கண்டபோது அடைந்த மகிழ்ச்சியை அவர் நண்பருக்கு உளங்கனிந்து எழுதினார். கவிஞர் ஜேம்ஸ் மாண்ட்கோமெரி இந்நிகழ்ச்சியைப் பொருளாகக் கொண்டு ஒரு பாடலும் இயற்றினார். தன் நாட்டில் பல்லாண்டு வாழும் அச்செடி, வங்காளத்து வெம்மையில் ஓராண்டிற்குமேல் வாழ மாட்டாதாயிற்று. கேரியோ ஆண்டுதோறும் அதன் விதையைச் சேமித்து மீட்டும் விதைத்து, அதன் கால்வழி அறாமற் காத்தார்.

ஒருவர்க்கொருவர் நட்பினாற் கொடுத்துக்கொள்ளும் இம்முறை நாடு முழுதும் பரவவேண்டும் என்பது கேரியின் நெடுநாள் விருப்பம். தினாஜ்பூர்ப் பகுதியின் உழவர் நிலையைக் குறித்து அவர் முன்னரே ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று எழுதியிருந்தார். 1820ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள், கல்கத்தாவில் வேளாண்மை, தோட்டக்கலைக் கழகம் அவர் முயற்சியால் தோன்றியது. நல்விதைகளையும் கன்றுகளையும் வருவித்துப் பங்கிடுதலும், சிறந்த விளைச்சலுக்குப் பரிசளித்தலும் அதன் நோக்கங்களுட் சில. இந்நாட்டவரும் உறுப்பினராதற்கும் பொறுப்பேற்றற்கும் உரியர் எனக் கேரி தொடக்கத்திலேயே வற்புறுத்தியது கருதத்தக்கது. விதையைப் பகிர்பவர் அதனைப் பற்றிய அறிவையும் அதிகாரத்தையும் பகிரவேண்டும் என அவர் உணர்ந்திருந்தார். அக்கழகம் இன்றும் கல்கத்தாவில் நிலவுகின்றது.

1823ஆம் ஆண்டு அக்டோபரிற் பேரிடர் வந்தது. படகினின்றும் இறங்குகையில் விழுந்து இடுப்பில் அடிபட்ட கேரி, கடுங்காய்ச்சலுற்றுச் சாவின் எல்லையைக் கண்டார். அவ்வேளையில் தாமோதர் ஆறு கரையுடைத்து ஸ்ரீராம்பூரை மூழ்கடித்தது. அவர் குடியிருந்த வீட்டை விட்டு நீங்கவேண்டியதாயிற்று. இருபது ஆண்டுக்கு மேலாகச் சேர்த்த தோட்டம் நீருள் ஆழ்ந்தது. எழுந்து நடக்க இயலாத நிலையில், அறுபத்திரண்டு வயது முதியவர் இதனைக் கேட்டார். பிறர் எனின் அத்தோடு ஓய்ந்திருப்பர். கேரி, உடல்நலம் சிறிது திரும்பியதும், தோட்டத்தை மீண்டும் நடத் தொடங்கினார். தாம் முன்னரே பிறர்க்குக் கொடுத்தவை அவ்வெள்ளம் எட்டாத தோட்டங்களில் வேரூன்றியிருந்தன. தமக்கென்று வைத்தவற்றை வெள்ளம் கொண்டது. ஈந்தவற்றை அது தொடவில்லை.

இறுதி நாட்களில், நடக்க மாட்டாத கேரியை நாற்காலியில் வைத்துத் தோட்டத்துள் இழுத்துச் செல்வர். அதுவும் இயலாதபோது தலைமைத் தோட்டக்காரர் அறைக்கு வந்து செடிகளின் நிலையைக் கூறுவார். தமக்குப் பின் நண்பர் மார்ஷ்மன் பசுக்களைத் தோட்டத்தில் மேயவிடுவார் என அவர் கலங்கினாராம். தம் நண்பருக்கு அருமையாயிருந்த தோட்டத்தைத் தாமும் காப்பதாக மார்ஷ்மன் உறுதி கூறினார். 1834ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் கேரி இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் அஞ்சியது பிற்காலத்தில் வேறு வகையில் நிகழ்ந்தது. பசுக்கள் மேயவில்லை, ஆனால் அத்தோட்டம் நாளடைவில் கைமாறி, சணல் ஆலைக்கு இடமாயிற்று. அரசினரின் பெருந்தோட்டமும் 1864ஆம் ஆண்டுப் பெரும்புயலில் மிகப் பல மரங்களை இழந்தது. இவற்றால் அறியக்கிடப்பது யாது? எத்துணை வலிய வேலியும், எத்துணைப் பெரிய பொருட்செலவும், ஒரு தோட்டத்தை என்றும் காக்கமாட்டா. ஒரே இடத்தில் உள்ள செடி, அவ்விடத்தோடு அழியும். பத்து முற்றங்களிற் பகிர்ந்த செடி, ஒன்றில் மடியினும் ஒன்பதில் தழைக்கும். மடிந்தவர் வீட்டிற்கு மீண்டும் கன்றாக வந்துசேரவும் கூடும்.

மாணவ நண்பர்காள்! ஐந்து ஏக்கர் நிலம் நம்மிடம் இல்லை என்று கருதற்க. கேரியின் புகழுக்குக் காரணமான டெய்சி, பையின் அடியில் ஒட்டிய ஒருபிடி மண்ணிலிருந்தே வந்தது. நம் விடுதி வாயிலிலும் வீட்டுக் கிணற்றடியிலும் நெருங்கிப் பெருகிய கிழங்குகளும் துளசி நாற்றுகளும் எத்தனையோ உள. மழைக்காலம் தொடங்குமுன் அவற்றைப் பிரித்து, செடியின் பெயரையும் பேணும் முறையையும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்து, வேண்டுவார்க்குக் கொடுப்போமாக. பெற்றுக்கொண்டவர், கொடுத்தவர் பெயரையும் ஆண்டையும் அவ்வாறே குறித்து வைத்தல் நன்று. ராக்ஸ்பர்க்கின் நூல் நமக்குக் காட்டும் வழி அது.