பறவைக் கணக்கு எழுதிய ஸாலிம் அலி

நமது சங்க மடலில் பெரியோர் வரலாறுகள் பல வந்திருக்கின்றன. வலிமார்கள், ஆலிம்கள், கொடைவள்ளல்கள், கப்பலோட்டிய மரைக்காயர்கள் ஆகியோரைப் பற்றி அன்பர்கள் எழுத, நாமும் படித்து மகிழ்ந்திருக்கிறோம். இம்முறை வியாபாரத்தில் கைமுதலை இழந்த ஒருவரைப் பற்றி எழுத முன்வந்துள்ளேன். கடைக்காரனாகிய நான் இப்படிப்பட்டவரைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது.

என் இரண்டாவது மகன் பள்ளி விடுமுறை நாட்களில் கடையில் உட்கார வேண்டியவன். ஒரு நாள் கல்லாவை விட்டுவிட்டுப் போய்விட்டான். பெர்னாம் ஆற்றங்கரையில், நீர் வற்றிய சேற்றிலே மேய்ந்துகொண்டிருந்த உள்ளான்களை எண்ணிக்கொண்டு நின்றவனை அழைத்து வந்து, வாடிக்கைக்காரர்கள் முன்னிலையிலேயே கடிந்துகொண்டேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து, பாருங்கள் வாப்பா என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். தேதி, நேரம், ஆற்றில் பெருக்கா வற்றா, எந்தப் பறவை, எத்தனை என்று ஆறு மாதக் கணக்கு அதில் இருந்தது. என் கடன் நோட்டைவிடச் சுத்தமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் பக்கத்தில் ஸாலிம் அலி என்று ஒரு பெயர். யார் இவர் என்று விசாரிக்கப் போய், கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

ஸாலிம் அலி அவர்கள் 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். சுலைமானி போஹ்ரா வகுப்பைச் சேர்ந்த குடும்பம். உடன்பிறந்தோரில் இவர் ஒன்பதாவது, கடைசிப் பிள்ளை. ஒரு வயதில் தந்தையும் மூன்று வயதில் தாயும் மறைந்துவிட, எத்தீமாகிய குழந்தையைத் தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜி எடுத்து வளர்த்தார். மாமனுக்குப் பிள்ளையில்லை, மாமி ஹமீதா பேகம் பெற்ற தாயைப் போலவே பேணினார். உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியாருக்குத் துணை நின்ற அப்பாஸ் தயாப்ஜியும் இவருக்கு மாமன் முறையே.

மாமன் வேட்டைப் பிரியர். சிறுவனுக்கும் ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்திருந்தார். ஒரு நாள் சுட்டு விழுத்திய சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் கறை போன்ற திட்டு ஒன்று இருந்தது. இது நாம் உண்ணத் தகுந்த குருவிதானா என்று சிறுவனுக்கு ஐயம். மாமனிடம் கொண்டு போனான். அவருக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் என்று 1883இல் தொடங்கிய ஒரு சங்கம் உண்டு. மாமன் அதில் உறுப்பினர். அச்சங்கத்துக் காரியதரிசியாயிருந்த மில்லார்டு என்ற வெள்ளைக்காரருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துப் பையனை அனுப்பினார். மில்லார்டு துரை, வந்தவன் சிறுபையன் என்று எண்ணித் துரத்திவிடவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். அலமாரி அலமாரியாகத் திறந்து, பாடம் செய்து வைத்த நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். படிக்கப் புத்தகமும் கொடுத்தார். ஹலாலா ஹராமா என்று கேட்கப் போன பிள்ளை, வாழ்நாள் முழுமைக்கும் ஒரு வேலையோடு திரும்பி வந்தான்.

பையனாக இருந்த காலத்திலேயே குறிப்பெழுதும் பழக்கம் வந்துவிட்டது. லாயத்துச் சுவரில் கூடு கட்டியிருந்த பெண் சிட்டுக்குக் காவலிருந்த ஆண் குருவியைச் சுட்டிருக்கிறார், உடனே வேறோர் ஆண் வந்து காவல் நின்றது, அதையும் சுட்டார். ஒரு வாரத்தில் எட்டு. அத்தனையும் நோட்டில் ஏறியிருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. பிற்காலத்திலும் ஆராய்ச்சிக்கென்று அவர் சுட்ட பறவைகள் ஏராளம். அக்காலத்தில் பறவையைக் கையில் எடுத்துப் பார்த்தாலன்றி இனம் தெளிய வழியில்லை என்பது அவர் கட்சி. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

கல்லூரிப் படிப்பு ஓராண்டோடு நின்றது. கணக்குப் பாடம் கைகொடுக்கவில்லை. 1914இல் குடும்பத்தார் அவரைப் பர்மாவுக்கு அனுப்பினார்கள். நம் தீபகற்பத்துக்கு நேர் வடக்கே அதே கடற்கரையில் தாவாய் என்ற ஊர் இருக்கிறது. அங்கே இவர்கள் குடும்பத்துக்கு உல்ஃப்ரம் சுரங்கமும் மரவியாபாரமும் இருந்தன. யுத்தத்துக்கு வேண்டிய கெட்டி எஃகு செய்ய அந்த உலோகம் தேவைப்பட்ட காலம். விலை ஏறியிருந்தது. ஆனால் நம்மவர் கண் சரக்கின்மேல் இல்லை. சுற்றியிருந்த காட்டின்மேல்தான் இருந்தது. மூன்றாண்டு கழித்துப் பம்பாய் வந்தவர், காலையில் வணிகக் கல்லூரியில் வியாபாரச் சட்டமும் கணக்கியலும், பிறகு செயின்ட் சேவியர் கல்லூரியில் விலங்கியலும் படித்தார். ஒரே ஆள் இரண்டு தோணியில் கால் வைத்த கதைதான். 1918 டிசம்பரில் தஹ்மீனா பேகம் அவர்களை நிக்காஹ் செய்து, மீண்டும் தாவாய்க்கே போனார். யுத்தம் முடிந்துவிட்டதால் உலோகத்துக்குக் கிராக்கி போயிற்று. சில ஆண்டுகளில் வியாபாரம் முழுகி, குடும்பம் பம்பாய்க்குத் திரும்பியது.

நாம் வியாபாரிகள். சரக்கு விழும்போது மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டாளியை நம்மில் யாரும் வைத்துக்கொள்ள மாட்டோம். நானும் மாட்டேன். அந்த நஷ்டத்துக்கு அவர் ஒருவரே காரணம் என்று சொல்ல முடியாது. எனினும் அவர் கடைக்கு ஏற்ற ஆள் அல்லர் என்பது வெளிப்படை. அதைப் புரிந்துகொண்டு, மறுபடியும் ஒரு கடையில் அவரை உட்காரவைக்காத உறவினர்களைத்தான் நான் மெச்சுகிறேன்.

நிற்க. பறவை ஆராய்ச்சியாளர் உத்தியோகம் ஒன்று சர்க்காரில் காலியாக இருந்தது. பட்டம் இல்லை என்ற காரணத்தால் கிடைக்கவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில், வருவோர்க்கு விளக்கிச் சொல்லும் வேலை மாதம் 350 ரூபாய்ச் சம்பளத்தில் கிடைத்தது. 1928இல் விடுப்பெடுத்துப் பெர்லின் சென்று, ஸ்ட்ரெஸ்மன் என்ற ஜெர்மானியப் பேரறிஞரிடம் முறையாகப் பாடம் கேட்டார். 1930இல் திரும்பி வந்து பார்த்தால் அந்த வேலையும் இல்லை. பணமில்லையென்று அந்த இடத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

கையில் வேலையில்லை, பட்டமில்லை, முப்பத்துமூன்று வயது. கணவனும் மனைவியும் பம்பாய்க்கு எதிர்க்கரையில் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் போய்த் தங்கினார்கள். அருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன. மலாய்க்காரர்கள் பழமொழியில் வருகிறதே தெம்புவா, அதே குருவிதான். அந்த மழைக்காலம் முழுவதும் ஸாலிம் அலி மறைவிடம் ஒன்றில் அமர்ந்து, மணிக்கணக்காக, நாள் தவறாமல் அவற்றைக் கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதிவரை கட்டி நிறுத்திவிடுகிறது. பெண் குருவி வந்து உள்ளே புகுந்து பார்க்கிறது. பிடித்தால் தங்கும், பிடிக்காவிட்டால் அடுத்த கூட்டுக்குப் போய்விடும். பெண் ஒப்புக்கொண்ட பின்தான் ஆண் மீதியைக் கட்டி, கீழே குழாய் போன்ற வாசலையும் முடிக்கிறது. அவள் முட்டையிட்டதும் இவன் பக்கத்திலேயே இன்னொரு கூட்டைத் தொடங்குகிறான். வேறு பெண் வருகிறாள். ஒரு பருவத்தில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இப்படிப் பல குடும்பம். எல்லாரும் அன்றாடம் பார்க்கும் குருவி. ஆனால் உட்கார்ந்து பார்த்தவர் இல்லாததால் இந்தச் செய்தி அதுவரை வெளியே வரவில்லை. அந்தக் கட்டுரைதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. வேலை போன ஆண்டு அது என்பதை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன்.

பிறகு அவர் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார். சமஸ்தானங்களில் என்னென்ன பறவைகள் உள்ளன என்று கணக்கெடுத்துத் தருகிறேன், எனக்குச் சம்பளம் வேண்டாம், கூடாரச் செலவும் வண்டிச் செலவும் மட்டும் கொடுத்தால் போதும் என்றார். ஹைதராபாத்தில் தொடங்கி, 1933இல் கொச்சி, திருவிதாங்கூர் என்று காடு காடாகத் திரிந்தார். பெரியாற்றங்கரையில் தட்டேக்காடு என்ற இடத்தின் பறவை வளத்தைக் கண்டு சொன்னவர் அவரே. இன்று அங்குள்ள சரணாலயம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தஹ்மீனா பேகம் வசதியான வாழ்வில் வளர்ந்தவர். ஆயினும் முகம் சுளிக்காமல் கூடாரங்களில் உடன் இருந்தார். 1939இல் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் அந்த அம்மையார் காலமாகிவிட்டார். அதன்பின் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. சகோதரி வீட்டிலேயே காலம் கழித்தார். 1941இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் புத்தகம் பல பதிப்புகள் கண்டது. அமெரிக்கரான டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து எழுதிய பெருநூல் பத்துப் பாகம்.

இந்த வரலாற்றில் மலாயாவுக்கும் பங்குண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கேத்தே திரையரங்குகளின் அதிபர் லோக் வான் தோவை மூத்தவர்கள் அறிவார்கள். ஈயத் தவுக்கே லோக் இயூவின் மகன், கோலாலம்பூரில் பிறந்தவர். 1942இல் ஜப்பானியருக்குத் தப்பிச் சிங்கப்பூரை விட்டுச் சென்றபோது, அவர் ஏறிய கப்பல் குண்டுக்கு இரையாயிற்று. தீக்காயத்தோடு உயிர் பிழைத்து இந்தியா போய்ச் சேர்ந்தார். அங்கே ஸாலிம் அலியைச் சந்தித்தார். ஒருவர் சீனக் கோடீஸ்வரர், மற்றவர் கைப்பணம் இல்லாத முஸ்லிம். இருவரையும் பறவை சேர்த்து வைத்தது. யுத்தத்துக்குப் பின்னும் இருவரும் பல பிரயாணங்கள் போனார்கள். ஆராய்ச்சிக்கு லோக் தாராளமாகப் பொருளுதவி செய்தார். 1964இல் தைவானில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்தது ஸாலிம் அலிக்குப் பேரிழப்பு.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, வேதாரண்யத்தை அடுத்துள்ள கோடிக்கரையை 1962இல் ஸாலிம் அலி பார்வையிட்டு, பறவைகளுக்கு மிகவும் வேண்டிய இடம் என்று எடுத்துச் சொன்னார். 1967இல் அது சரணாலயமாயிற்று. அவ்விடத்தைப் புரிந்துகொள்ள ஓராண்டு முழுவதும் பார்க்க வேண்டும். கோடையில் உப்பளங்கள் வெந்துகிடக்கும். ஆவணி புரட்டாசியில் வடக்கேயிருந்து உள்ளான்கள் முதலில் வந்திறங்கும். சில தங்கும், சில இளைப்பாறிவிட்டு இலங்கைக்குக் கடல் தாண்டும். ஐப்பசி மழையில் நீர் நிரம்பியதும் வாத்துகளும் நாரைகளும் வரும். கார்த்திகை முதல் தை வரை பூநாரைகள் ஆயிரக்கணக்கில் ஆழமில்லாத நீரில் நின்று மேயும். வெயில் ஏற ஏறக் கூட்டம் குறைந்து, பங்குனி சித்திரையில் வடக்கே திரும்பிவிடும். நம் முன்னோர்கள் பாய்மரத்தில் பினாங்குக்கு வந்ததும் போனதும் காற்றைப் பார்த்துத்தான். அந்தப் பறவைகளும் ஒருவிதச் சபுராளிகளே.

அவை எங்கிருந்து வருகின்றன என்று அறிய, மெல்லிய வலையில் பிடித்து, காலில் எண்ணும் பம்பாய்ச் சங்கத்தின் பெயரும் பொறித்த சிறு வளையத்தை மாட்டிப் பறக்க விடுவார்கள். தூர தேசத்தில் யாராவது அந்த வளையத்தைக் கண்டு எழுதினால் வழி தெரிந்துவிடும். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த வேலையை இந்தியாவில் பெரிய அளவில் நடத்தியவர் ஸாலிம் அலி. அவ்வாறு வளையமிட்ட பறவைகள் சோவியத் நாட்டிலிருந்து செய்தி கொடுத்தன. நம் பேராக் கரைக்கு வரும் உள்ளான்கள் வேறு பாதையில், சீனக் கரையோரமாக இறங்கி வருபவை என்று மகன் சொல்கிறான்.

பத்ம பூஷண் 1958இலும், பத்ம விபூஷண் 1976இலும் கிடைத்தன. பட்டமில்லை என்று வேலை மறுக்கப்பட்டவருக்கு அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் 1958இல் டாக்டர் பட்டம் கொடுத்தது. 1976இல் கெட்டி பரிசு 50,000 டாலர் வந்தபோது, அதைத் தாம் வளர்ந்த சங்கத்தின் நிதிக்கே வைத்துவிட்டார். கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டி மின்சாரம் எடுக்கப் போகிறார்கள் என்றபோது, எண்பது வயதைக் கடந்தவர் அதை எதிர்த்து மந்திரிகளிடம் வாதாடினார், காடு பிழைத்தது.

ஒன்றை மறைப்பது நியாயமல்ல. சிறுவயதில் பொருள் புரியாமல் ஓதவைத்ததும், சில பெரியவர்களின் போலிப் பக்தியும் தம்மைத் தொழுகையிலிருந்து விலக்கிவிட்டதாக 1985இல் வெளிவந்த சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். படிக்க எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. மதரஸாவில் பிரம்படி பட்டு ஓதியவன் என்ற முறையில், கொஞ்சம் புரியவும் செய்தது.

1987இல், தொண்ணூறு வயதில், பம்பாயில் அவர் மறைந்தார். கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் ஒரு பறவை ஆராய்ச்சி நிலையம் 1990இல் அமைந்தது. தேனிப் பக்கத்து மேகமலையில் 1948இல் பிடிபட்ட அரிய பழந்தின்னி வௌவால் ஒன்றுக்கும் அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

வரும் மார்கழியில் ஊருக்குப் போகிறேன். நாகூர் ஸியாரத்தை முடித்துக்கொண்டு, மகனை அழைத்துக்கொண்டு கோடிக்கரைக்கு ஒரு நடை போவதாக உத்தேசம். நோட்டுப் புத்தகத்தை அவன் இப்போதே எடுத்து வைத்துவிட்டான். உடன் வர விரும்பும் அன்பர்கள் கடையில் சொல்லி வைக்கலாம்.